குளிர்நாட்டு மோட்டார் வண்டியும் எஞ்சின் வெப்பமூட்டியும்

இயந்திரங்கள் யாவும் தமக்கென விதிக்கப்பட்டதொரு வெப்பநிலையிலேயே செவ்வனே தொழிற்படும் இயல்பின. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு அந்நிலை ஏறக்குறைய 90 பாகை செல்சியசு ஆகும். இலங்கை போன்ற வெப்ப நாடுகளில், விடியற் காலையிலும் எஞ்சின் 25 பாகையளவிற் சூடுடையதாயிருத்தலின், அது தன் நிலையை விரைவில் எய்திவிடும். ஆதலின் எஞ்சினைச் சூடாக்குதல் என்பதொரு தனிச் செயலாக ஈண்டு யாராலும் எண்ணப்படுவதில்லை.

கனடாவின் வினிப்பெக் நகரிலோ நிலைமை வேறு. சனவரி மாதத்து இரவில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகைக்கும் தாழ்தல் ஆங்கு வழக்கம். அந்நகரத்து வண்டித் தரிப்பிடங்களில், வண்டிகளின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்குதலையும், அது அருகிலுள்ள மின்குதையிற் செருகப்பட்டிருத்தலையும் காணலாம். வெப்ப நாட்டிலிருந்து புதிதாய்ச் சென்றவர், இவையெல்லாம் மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் போலும் என மயங்குதல் கூடும். உண்மையில் அக்கம்பி வண்டியை ஓட்டுதற்கன்று. உறங்கும் எஞ்சினை இளஞ்சூட்டில் வைத்தற்கே உரியது. ‘புளொக் ஹீற்றர்’ என்று வழங்கும் இவ்வெப்பமூட்டி, பெற்றோலை மட்டும் நம்பிய வண்டிகளின் காலத்திற் பிறந்தது. பெற்றோலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் புதுவகை வண்டிகள் தோன்றிய பின்னர் இதன் பயன் யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்ந்த எஞ்சினின் குறைபாடுகள்

குளிர்ந்த எஞ்சின் பெற்றோலை வீணாக்குதற்குக் காரணங்கள் பல. முதலாவது எண்ணெயின் தடிப்பு. எண்ணெய் குளிருந்தோறும் அதன் பிசுக்குமை மிகும். பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகையில், சாதாரண எஞ்சின் எண்ணெயின் பிசுக்குமை அது தொழிற்படும் சூட்டில் உள்ளதைக் காட்டிலும் நூறு மடங்கிற்கு மேற்படும். தேன் போன்று தடித்த அவ்வெண்ணெயினூடே பிஸ்டன்களையும் சுழல்தண்டையும் அசைத்தற்கே சத்தியின் ஒரு பகுதி செலவாகிவிடும்.

இரண்டாவது, பெற்றோல் ஆவியாதலில் உள்ள இடர்ப்பாடு. எரிவது பெற்றோலின் ஆவியேயன்றித் துளியன்று. குளிர்ந்த உருளைச் சுவரிற் படும் பெற்றோல் ஆவியாகாது ஒட்டிக்கொள்ளுதலின், எரிதற்கு வேண்டிய ஆவியைப் பெறும்பொருட்டு எஞ்சினுக்குக் கூடுதலான பெற்றோலை ஊட்டவேண்டியதாகிறது. மூன்றாவது, எரிதலாற் பிறந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகமே உண்டுவிடுதல்.

இவற்றின் பயனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சத்தித் திணைக்களம் அளவுபடுத்தி வெளியிட்டுள்ளது. நகரினுள் ஓடும் குறுகிய பயணங்களில், 25 பாகையில் ஒரு லீற்றருக்கு வண்டி ஓடும் தூரத்தோடு ஒப்பிட, பூச்சியத்திற்குக் கீழ் 7 பாகையில் அது ஏறத்தாழ 15 வீதம் குறையும். ஐந்தாறு கிலோமீற்றரே செல்லும் மிகக் குறுகிய பயணங்களில் 24 வீதம் வரையும் குறையும். கலப்பியக்க வண்டிகளிலோ இவ்வீழ்ச்சி 30 முதல் 34 வீதமாகும். சிக்கனத்துக்கெனவே அமைக்கப்பட்ட வண்டி குளிரில் மிகுதியாக இழப்பானேன் என்ற வினா இங்கு எழுகின்றது. அதற்கு விடை காணுமுன் வெப்பமூட்டியின் வரலாற்றையும் அமைப்பையும் அறிதல் நலம்.

வெப்பமூட்டியின் வரலாறும் அமைப்பும்

மின்சாரம் பரவாத காலத்திற் குளிர்நாட்டார் கையாண்ட முறைகள் பல. மாலையில் எஞ்சின் எண்ணெயை வடித்தெடுத்து, இரவு முழுவதும் வீட்டின் அடுப்பருகில் வைத்து, காலையில் மீள ஊற்றுவோர் இருந்தனர். எஞ்சினின்கீழ்த் தணற்சட்டி வைத்தோரும், கம்பளியாற் போர்த்தோரும் இருந்தனர். இத்தொல்லைகளுக்கு முடிவு தேடியவருள் ஒருவர் வட டக்கோட்டா மாநிலத்துக் கிராண்ட் போர்க்சு நகரினரான அன்ட்ரூ பிறீமன் என்பார். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் ஆணிகளுள் ஒன்றைக் கழற்றி, அதற்கீடாக மின்னாற் சூடேறும் ஆணியொன்றைப் பொருத்தும் முறையை அவர் வகுத்தார். அதற்குரிய புனைவுரிமை 1949 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவருக்கு வழங்கப்பட்டது.

பின்னர் வேறு வகைகளும் வழக்கில் வந்தன. எஞ்சினை வார்க்கும்போது விடப்படும் துளைகளை மூடும் தகட்டை அகற்றி, அவ்விடத்தில் வெப்பச் சுருளைப் பொருத்தி, எஞ்சினைச் சுற்றியோடும் உறைதடுப்பு நீரைச் சூடாக்குதல் ஒரு வகை. அந்நீர் செல்லும் இறப்பர்க் குழாயினிடையே வெப்பமூட்டியை அமைத்தல் இன்னொரு வகை. எண்ணெய்த் தட்டின் அடிப்புறத்தில் ஒட்டப்படும் சூடேறு தகடும் உண்டு. அலுமினியத்தால் வார்க்கப்பட்ட சில எஞ்சின்களில், உலோகத்தில் உள்ள உலர்ந்த துளையொன்றில் வெப்பமூட்டியைச் செருகி, வெப்பங்கடத்தும் பசையால் இடைவெளியை நிரப்புவர். டொயோற்றாவின் பிரியசு வண்டிகளிற் பொருத்தப்படுவது இவ்வகையினதே. சிறு எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 400 வாற்றுப் போதும். பெரிய டீசல் எஞ்சின்களுக்கு 1000 வாற்றுக்கும் மேல் வேண்டும்.

கலப்பியக்க வண்டியின் தனித்தன்மை

கலப்பியக்க வண்டியில் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒருங்கே உள. வீதிச் சந்தியில் நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் எஞ்சின் தானே அணைந்துவிடும். மின்மோட்டாரே வண்டியைச் செலுத்தும். பெற்றோல் மிச்சமாதற்கு இவ்வணைதல் ஒரு முதன்மையான காரணம். ஆனால் எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை வண்டியின் கட்டுப்பாட்டமைப்பு அதனை அணையவிடாது. இரண்டாந் தலைமுறைப் பிரியசுவிற் சுற்றுநீர் ஏறத்தாழ 70 பாகையை எய்திய பின்னரே அணைதல் முழுமையாக நிகழும். ஆகவே, குளிர்காலக் குறும்பயணத்தில் அவ்வண்டி தன் சிறப்பியல்பைக் காட்டுமுன்னரே பயணம் முடிந்துவிடுகின்றது. மேலே எழுந்த வினாவுக்கு இது முதல் விடை.

இரண்டாம் விடை சற்று வியப்புக்குரியது. இவ்வண்டிகளின் எஞ்சின் வினைத்திறன் மிக்கது. பெற்றோலின் சத்தியில் மிகுதியான பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றுவது. 2015 ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த பிரியசு எஞ்சினின் உச்ச வினைத்திறன் 40 வீதம். வேலையாகும் பங்கு கூடின், வெப்பமாய்க் கழியும் பங்கு குறையும் அன்றோ? ஆதலின், எஞ்சின் எத்துணைத் திறனுடையதோ அத்துணைத் தாமதமாகவே அது சூடேறும். பழைய எஞ்சின் வீணாக்கிய வெப்பத்திலே தன்னையும் பயணிகளையும் சூடாக்கியது. புதிய எஞ்சினுக்கோ அவ்வாறு வீணாக்குதற்கு மிகுதியில்லை.

வண்டியாக்குவோரும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தனர். வட அமெரிக்காவில் விற்கப்பட்ட இரண்டாந் தலைமுறைப் பிரியசுவில், மூன்று லீற்றர் கொள்ளும் வெற்றிடக் குடுவையொன்று வைக்கப்பட்டிருந்தது. தேநீரைச் சூடாக வைக்கும் குடுவை போன்ற அதில், சூடான சுற்றுநீர் சேமிக்கப்பட்டு, மறுமுறை எஞ்சின் தொடங்கும்போது அதனுட் செலுத்தப்பட்டது. அடுத்த தலைமுறையில் அது நீக்கப்பட்டு, புகைக்குழாயின் வெப்பத்தாற் சுற்றுநீரைச் சூடாக்கும் அமைப்பு வந்தது. எஞ்சினின் முதற் சில நிமிடங்கள் எத்துணை விலையுயர்ந்தவை என்பதற்கு இவ்விரு முயற்சிகளுமே சான்று.

வீட்டு மின்சாரத்தால் மின்னேற்றக்கூடிய, ‘பிளக்-இன் ஹைபிரிட்’ எனப்படும் செருகுமின் கலப்பியக்க வண்டிகள் இதன் அடுத்த படி. 2010 ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த செவ்ரோலெ வோல்ற், 16 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலவடுக்கை உடையது. 2012 ஆம் ஆண்டின் பிரியசு செருகுமின் வண்டியின் மின்கலவடுக்கு 4.4 கிலோவாற்று மணியே கொள்வது. இவை முதற் சில கிலோமீற்றரை மின்சாரத்தாலேயே கடக்கவல்லன. எனினும் கடுங்குளிரில் இவற்றுட் சில, மின்கலவடுக்கு நிரம்பியிருந்தும் எஞ்சினைத் தொடக்கிவிடும். பயணிகள் இருக்கும் அறைக்குச் சூடு வேண்டுமென்பதே அதற்குக் காரணம். ஓட்டுதற்கு வேண்டாத எஞ்சின் அடுப்பாகப் பயன்படுவதை அப்போது காண்கின்றோம்.

எஞ்சின் அரிதாகவே இயங்குதலால் இன்னுமொரு தீங்கும் விளைகின்றது. சில நிமிடம் ஓடி, சூடேறுமுன் அணையும் எஞ்சினில், எரியாத பெற்றோலும் எரிதலாற் பிறந்த நீரும் எண்ணெயோடு கலந்து தங்கிவிடும். எஞ்சின் நன்கு சூடேறினாலன்றி அவை ஆவியாய் வெளியேறமாட்டா. நாடோறும் இவ்வாறு நிகழின் எண்ணெயின் தரங் குன்றும்.

ஓர் எளிய கணக்கு

வெப்பமூட்டியாற் பெறும் பயனைப் பள்ளி மாணவரும் கணிக்கலாம். உலோகப் பகுதி 80 கிலோகிராம், சுற்றுநீர் 5 கிலோகிராம், எண்ணெய் மூன்றரைக் கிலோகிராம் உடைய ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராமை ஒரு பாகை உயர்த்த, அலுமினியமும் இரும்பும் கலந்த உலோகத்துக்கு 0.7 கிலோயூலும், உறைதடுப்பு நீருக்கு 3.5 கிலோயூலும், எண்ணெய்க்கு 2 கிலோயூலும் வேண்டுமெனக் கொண்டால், எஞ்சின் முழுவதையும் ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 80 கிலோயூல் வெப்பம் தேவை.

400 வாற்று வெப்பமூட்டி மூன்று மணி நேரம் தொழிற்படின் 1.2 கிலோவாற்று மணி, அதாவது 4320 கிலோயூல் வழங்கும். வீட்டு மின்பட்டியலில் இது ஒன்றேகால் அலகுக்குச் சற்றுக் குறைவு. இதில் மூன்றிலொரு பங்கு காற்றோடு போகுமெனக் கழித்தால், மீதி 2880 கிலோயூல் எஞ்சினை 36 பாகை உயர்த்தும். பூச்சியத்திற்குக் கீழ் 10 பாகையில் இருந்த எஞ்சின், யாழ்ப்பாணத்துக் காலைப்பொழுதின் சூடாகிய 26 பாகையை எய்தும். வெப்ப நாட்டு வண்டிக்கு இயற்கை இலவசமாய் வழங்குவதையே, குளிர்நாட்டார் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரங் கொடுத்து வாங்குகின்றனர் எனலாம்.

அவ்வெப்பத்தைப் பெற்றோலாற் பெறின் எவ்வளவு செலவாகும்? ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32,000 கிலோயூல் சத்தியுண்டு. அதில் மூன்றிலொரு பங்கே எஞ்சினின் உலோகத்தையும் நீரையும் சூடாக்கும் எனக் கொண்டால், 2880 கிலோயூலுக்கு 0.27 லீற்றர் வேண்டும். ஆயினும் அப்பெற்றோலின் இன்னொரு பங்கு வண்டியை ஓட்டவும் உதவுதலின், உண்மையான சேமிப்பு இதனிற் குறைவே, 0.27 லீற்றர் என்பது மேலெல்லையாகும்.

இனி, அதே 1.2 கிலோவாற்று மணியை மின்கலவடுக்கில் ஏற்றியிருந்தால் என்னாகும்? குளிர்காலத்தில் நூறு கிலோமீற்றருக்கு 20 கிலோவாற்று மணி செலவாகும் வண்டியை அது 6 கிலோமீற்றர் தூரம் ஓட்டும். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 0.27 லீற்றர் தருவதோ ஏறத்தாழ 5 கிலோமீற்றர், அதுவும் மேலெல்லையே. ஆகவே ஒரே மின்சாரத்தை வெப்பமாக்குதலினும் மின்கலவடுக்கிற் சேமித்தலே சிறந்தது என்பது முதற்பார்வைக்குத் தெளிவாகும். மின்சாரம் எவ்வகை வேலையையும் செய்யவல்ல உயர்ந்த சத்தி. இளஞ்சூடோ தாழ்ந்த சத்தி. உயர்ந்ததைத் தாழ்ந்ததாக்குதல் சிக்கனமன்று என்பது வெப்பவியக்கவியலாரின் துணிபு.

ஆனால் மின்கலவடுக்கு ஒரு குடம் போன்றது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்த்தல் இயலாது. மின்கலவடுக்கு நிரம்பிய பின்னரும் மறுநாட் பயணம் அதன் எல்லையைக் கடந்து செல்லுமாயின், எஞ்சின் எவ்வாற்றானும் இயங்கியே தீரும். அந்நிலையில் எஞ்சினின் உலோகமே இரண்டாவது குடமாகின்றது. மின்னாகச் சேமிக்க இடமில்லாத சத்தி அங்கு வெப்பமாகச் சேமிக்கப்படுகின்றது. செருகுமின் கலப்பியக்க வண்டியில் வெப்பமூட்டியின் உண்மைப் பயன் இதுவே.

பயன்படுத்தும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து பயன்பாட்டு விதிகள் தாமே விளங்கும். பயணம் முழுவதையும் மின்சாரத்தாலேயே முடிக்கக்கூடுமாயின், அறையைச் சூடாக்கவும் எஞ்சின் தேவைப்படாதாயின், வெப்பமூட்டி வேண்டா. பயணம் நெடியதாயினும், அல்லது அறைச் சூட்டுக்காக எஞ்சின் இயங்கும் வண்டியாயினும், வெப்பமூட்டி பயன் தரும். ஆயினும் மின்கலத்தில் ஓடும் தூரம் முழுவதும் எஞ்சின் அணைந்தேயிருப்பின், முன்னர் ஊட்டிய சூடு வழியிற் குளிர்காற்றால் ஆறிவிடும். ஆதலின், தொடக்கத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ எஞ்சின் இயங்கும் பயணங்களுக்கே இப்பயன் முழுமையாகக் கிட்டும்.

அடுத்தது காலம். வெப்பமூட்டியை இரவு முழுவதும் எரியவிடுதல் பலரிடத்துள்ள வழக்கம். பத்து மணி நேரத்தில் 400 வாற்று வெப்பமூட்டி உண்பது 4 கிலோவாற்று மணி; அஃதாவது 2012 ஆம் ஆண்டுப் பிரியசு செருகுமின் வண்டியின் மின்கலவடுக்கு முழுவதற்கும் ஏறக்குறைய ஒப்பானது. எஞ்சின் சூடேறுந்தோறும் அது காற்றுக்கு இழக்கும் வெப்பமும் மிகுதலால், முதற் சில மணிக்குப் பின்னர் ஏற்றம் சொற்பமே. பின்லாந்தில், குளிரின் கடுமைக்கேற்ப அரை மணி முதல் மூன்று மணி வரை சூடாக்குதலே போதுமெனக் கொள்வர். அங்குள்ள தரிப்பிட மின்குதைகள் பலவற்றில் நேர ஆளி பொருத்தப்பட்டிருத்தலும் இதுபற்றியே. கனடா அரசாங்கத்தின் இயற்கை வளத் திணைக்களமும், புறப்படுதற்கு இரண்டு மணிக்கு முன் தொடங்குமாறு நேர ஆளியை அமைத்தல் போதுமென அறிவுறுத்துகின்றது. பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகையில் எரிபொருட் சிக்கனம் 10 வீதம் வரை உயரக்கூடுமென்பதும் அத்திணைக்களத்தின் கூற்று.

மின்கம்பியின் தாங்குதிறனும் கருதற்பாலது. வட அமெரிக்க வீடுகளிற் சாதாரண மின்சுற்று 120 வோற்று, 15 அம்பியர் அளவினது. அதிலிருந்து தொடர்ச்சியாக 12 அம்பியருக்கு மேற் பெறுதல் முறையன்று. வண்டியின் மின்னேற்றி அப்பன்னிரண்டையும் தானே கொள்ளக்கூடும். அதனோடு வெப்பமூட்டியையும் அதே சுற்றிற் செருகின், சுற்று அளவு கடந்து சூடேறும். முன்னிரவில் மின்னேற்றத்தை முடித்து, விடியலிற் புறப்படுதற்கு முன் வெப்பமூட்டியைத் தொடக்குமாறு நேர ஆளியை அமைப்பின், இவ்விடர் நீங்குவதோடு சத்தியும் மிச்சமாகும். நிலத்தொடுப்புள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய கம்பியையே கையாளல் வேண்டும். கம்பியின் உறை வெடித்தோ நைந்தோ இருப்பின் உடனே மாற்றுக. பழுதுற்ற கம்பிகளால் வண்டிகளும் அவை நிற்கும் கொட்டில்களும் தீப்பற்றுதல் குளிர்நாடுகளில் அறியப்பட்டதொரு விபத்தே.

காற்றின் தூய்மை

பணச் சிக்கனத்தினும் பெரியதொரு நன்மையுண்டு. அது காற்றின் தூய்மை. வண்டியின் புகைக்குழாயில் அமைந்த ஊக்கி மாற்றி, நச்சு வாயுக்களைத் தீங்கற்றனவாக மாற்றுவது. ஆனால் அது 250 முதல் 300 பாகை வரை சூடேறினாலன்றித் தொழிற்படாது. ஆதலாற் குறும்பயணத்தில் வெளிப்படும் காபனோரொட்சைட்டிலும் எரியாத ஐதரோகாபன்களிலும் பெரும்பகுதி, முதல் ஓரிரு நிமிடங்களிலேயே வெளிவருகின்றது. வெப்பமூட்டி அம்மாற்றியை நேரே சூடாக்குவதில்லை. எனினும் எஞ்சினுக்குக் கூடுதலாக ஊட்டவேண்டிய பெற்றோலின் அளவைக் குறைத்து, வெளிவரும் நச்சைக் குறைக்கின்றது. காலையில் வண்டிகள் தொடங்குவது பெரும்பாலும் வீடுகளின் வாயிலிலும், சிறுவர் பாடசாலைக்கு நடந்து செல்லும் வீதிகளிலுமே என்பதை எண்ணின், இந்நன்மையின் பெறுமதி புலனாகும்.

காபனீரொட்சைட்டைப் பொறுத்தவரை, விடை மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும், 0.27 லீற்றருக்கு அது 0.6 கிலோகிராம். நிலக்கரியாற் பெறும் மின்சாரத்தில் ஒரு கிலோவாற்று மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வெளிவருதலின், 1.2 கிலோவாற்று மணிக்கு 1.2 கிலோகிராமாகும். எனவே நிலக்கரி மின்சாரத்தால் எஞ்சினைச் சூடாக்குதல் இவ்வகையில் நட்டமே. நீர்வீழ்ச்சியின் வலியாற் பெரும்பாலான மின்சாரத்தைப் பெறும் நோர்வே, கனடாவின் கியூபெக், மனிற்றோபா ஆகிய இடங்களிலோ அது இலாபமாகும்.

முடிவு

ஈழத்திலிருந்து சென்று கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் தமிழர் இன்று பல்லாயிரவர். அவர்தம் வாயிலில் நிற்கும் வண்டியில் இச்செய்திகள் நாளாந்த நடைமுறையாகும். இங்குள்ள மாணவர்க்கோ, தன்வெப்பம், பிசுக்குமை, சத்திமாற்றம் எனப் பாடநூலிற் பயில்வன ஓர் அலகு மின்சாரத்தின் செலவைத் தீர்மானித்தற்கு எவ்வாறு உதவுகின்றன என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. வெப்பமூட்டி தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. மின்கலவடுக்கு நிரம்பியிருக்க, எஞ்சின் இயங்குவது உறுதியாயிருக்க, புறப்படுமுன் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் அதனைப் பயன்படுத்துவோன் பெற்றோலையும் எஞ்சினையும் காக்கின்றான். பயணத்தை எண்ணாது இரவெல்லாம் அதனைச் செருகிவைப்போனோ, வண்டியை ஓட்டியிருக்கக்கூடிய மின்சாரத்தாற் குளிர்காற்றைச் சூடாக்குகின்றான். கருவி ஒன்றே, அளவும் காலமும் அறிந்து கையாளுதலிலேயே அதன் பயன் தங்கியுள்ளது.